வேர்வை சிந்தினால் மூளை மழுங்குமா?

"படிக்கிற புள்ளைய ஏன்யா காட்டு வேலைக்குக் கூப்பிடுற? மூளை மழுங்கிடும்!" இந்தப் பேச்சு கேட்காத ஊர் தமிழ்நாட்டில் இருக்காது. பிள்ளை பத்தாம் வகுப்புக்கு வந்துவிட்டால் முதலில் நிற்பது விளையாட்டு. பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் வாங்கிக்கொள்வார். பெற்றோரும் அதைத்தான் விரும்புகிறார்கள். காலேஜ் போனால் பஸ், விடுதி, செல்போன். இருபது வயதில் இரண்டு மாடி ஏறினால் மூச்சு வாங்குகிற இளையோரை இப்போது கிராமத்திலேயே பார்க்கிறோம்.

இந்தப் பேச்சுக்கு அடியில் ஒரு பழைய நினைப்பு இருக்கிறது. உடம்பால் உழைப்பவன் யோசிக்காதவன், யோசிப்பவன் உடம்பை அசைக்க வேண்டாம் என்பதுதான் அது. உழவனுக்குப் பெண் கொடுக்கத் தயங்குவதற்கும், "படிப்பு வரலன்னா மாடு மேய்க்கத்தான் லாயக்கு" என்று ஆசிரியரே திட்டுவதற்கும் வேர் இதே நினைப்புதான். நம்மில் பலரும் அதை நம்பித்தான் பிள்ளைகளை வயலை விட்டுத் தள்ளி வைத்தோம்.

கடந்த இருபது, முப்பது ஆண்டுகளில் மூளை ஆய்வாளர்கள் இந்த நினைப்பைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அவர்கள் கண்டதை நம் தோட்டத்துப் பேச்சில் பார்ப்போம். இளையோரின் யோசிக்கும் திறனை உடல் அசைவு என்ன செய்கிறது? எதிரில் இருப்பவரின் மனநிலையைப் புரிந்துகொள்ளும் திறனை என்ன செய்கிறது? முக்கியமாக, வயல் வேலையும் உடற்பயிற்சியும் ஒன்றுதானா?

மூளையும் ஒரு மண்தான்

மூளையின் எடை சுமார் 1.4 கிலோ. உடம்பின் எடையில் 2 விழுக்காடுதான். ஆனால் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே உடம்பு செலவழிக்கும் ஆற்றலில் ஏறக்குறைய 20 விழுக்காட்டை அது எடுத்துக்கொள்கிறது. அந்த ஆற்றலும் பிராணவாயுவும் ரத்தத்தில்தான் வந்து சேர வேண்டும். ஆகவே இதயமும் நுரையீரலும் பலமாக இருந்தால் மூளைக்கு நல்லது என்பது நேரான கணக்கு.

கணக்கு அதோடு முடியவில்லை. 1982ஆம் ஆண்டு ஜெர்மனியில் ஈவ் அலென் பார்ட், ஹான்ஸ் தோனென் உள்ளிட்ட ஆய்வாளர்கள் பன்றியின் மூளையிலிருந்து ஒரு புரதத்தைப் பிரித்தெடுத்தார்கள். அதைச் சுருக்கமாக பி.டி.என்.எஃப். என்கிறார்கள். நரம்பு செல்கள் சாகாமல் இருக்கவும், ஒன்றோடொன்று புதுத் தொடர்பு போட்டுக்கொள்ளவும் இது உதவுகிறது. புதிதாக ஒன்றைக் கற்பதும் நினைவில் வைப்பதும் இந்தத் தொடர்புகளால்தான். மூச்சு வாங்கும்படி உடம்பு அசையும்போது இந்தப் புரதம் கூடுகிறது என்பது பின்னால் தெரிய வந்தது. உழைக்கும் தசையிலிருந்து ரத்தத்தில் கலக்கும் சில பொருள்களும் மூளை வரை போய் இதைத் தூண்டுகின்றன.

நமக்குத் தெரிந்த உவமை ஒன்று இருக்கிறது. ஜீவாமிர்தம் பயிருக்கு நேரடி உணவு அல்ல. மண்ணில் இருக்கும் உயிர்களைக் கிளப்பிவிடுகிற வேலையைத்தான் அது செய்கிறது. உடல் அசைவும் அப்படித்தான். அறிவை வெளியிலிருந்து கொண்டுவந்து கொட்டுவதில்லை, கற்பதற்கு மூளையைப் பதமாக்குகிறது. விதை போடாமல் ஜீவாமிர்தம் மட்டும் ஊற்றினால் விளையாது. படிக்காமல் ஓடிக்கொண்டே இருந்தாலும் பாடம் ஏறாது.

யோசிக்கும் திறன்: நாலு ஆய்வுகள்

முதல் ஆய்வு சுவீடனில் நடந்தது. அங்கே 18 வயது ஆண்களுக்குக் கட்டாய ராணுவச் சேர்க்கை இருந்தது. சேர்க்கையின்போது சைக்கிள் மிதிக்க வைத்து இதய, நுரையீரல் பலத்தை அளந்தார்கள். தசை பலத்தை அளந்தார்கள். அறிவுத் தேர்வும் வைத்தார்கள். 1950 முதல் 1976 வரை பிறந்த 12 லட்சம் பேரின் பதிவேட்டை ஆராய்ந்து 2009இல் முடிவை வெளியிட்டார்கள். இதய, நுரையீரல் பலம் கூடக் கூட அறிவுத் தேர்வு மதிப்பெண்ணும் கூடியிருந்தது. தசை பலத்துக்கும் மதிப்பெண்ணுக்கும் இருந்த தொடர்பு மிகச் சொற்பம். மூட்டை தூக்கும் பலத்தைவிட மூச்சுப் பலத்துக்குத்தான் அங்கே மதிப்பு. இரட்டையர்களையும் தனியாகப் பார்த்தார்கள். இந்தத் தொடர்புக்குப் பிறவியைவிட வளர்ந்த சூழலும் பழக்கமுமே பெரிய காரணம் என்று தெரிந்தது.

இங்கே ஒரு எச்சரிக்கை வேண்டும். இரண்டு விஷயம் சேர்ந்து இருப்பதாலேயே ஒன்றால்தான் மற்றது வந்தது என்று சொல்ல முடியாது. ஏரி நிரம்பிய வருஷம் கல்யாணமும் நிறைய நடக்கும். அதற்காக ஏரித் தண்ணீர் கல்யாணம் செய்து வைத்தது என்பதில்லை. அதனால்தான் சோதனை செய்து பார்க்கும் ஆய்வுகள் தேவைப்படுகின்றன.

அப்படி ஒன்று ஜெர்மனியில் 2007இல் வெளியானது. 27 இளைஞர்களை ஒரு நாள் வேகமாக ஓட வைத்தார்கள். ஒரு நாள் மெதுவாக நீண்ட நேரம் ஓட வைத்தார்கள். ஒரு நாள் சும்மா உட்கார வைத்தார்கள். ஒவ்வொன்றும் முடிந்ததும் புதுச் சொற்களைக் கற்றுக்கொடுத்தார்கள். வேகமாக ஓடிய பிறகு கற்றபோது மற்ற இரண்டு நாளைவிட 20 விழுக்காடு விரைவாகச் சொற்கள் மனதில் ஏறின.

மூன்றாவது, அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 2014இல் வந்தது. உட்கார்ந்திருப்பவரிடமும் நடந்துகொண்டிருப்பவரிடமும், "இந்தப் பொருளை வேறு எதற்கெல்லாம் பயன்படுத்தலாம்?" என்பது போன்ற கேள்விகளைக் கேட்டார்கள். நடந்தவர்களிடமிருந்து வந்த புதுமையான பதில்கள் சராசரியாக 60 விழுக்காடு கூடுதல். வெறும் சுவரைப் பார்த்தபடி அறைக்குள் நடந்தவர்களுக்கும் இது பொருந்தியது. நடந்து முடித்து உட்கார்ந்த பிறகும் கொஞ்ச நேரம் அந்த வேகம் தங்கியது. ஆனால் ஒரே ஒரு சரியான விடையைத் தேடும் கேள்விகளுக்கு நடை உதவவில்லை. அடுத்த போகத்துக்கு என்னென்ன வைக்கலாம் என்று யோசிக்க வரப்பில் நடங்கள். கடனுக்கு வட்டி எவ்வளவு என்று கணக்குப் பார்க்க உட்காருங்கள்.

நாலாவது, கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வு, 2019. உடற்பயிற்சிப் பழக்கமே இல்லாத 132 பேர், 20 முதல் 67 வயது வரை. பாதிப் பேர் மூச்சு வாங்கும் பயிற்சி, மீதிப் பேர் உடலை நீட்டி மடக்கும் பயிற்சி. வாரம் 4 நாள், 6 மாதம். திட்டமிடுவது, கவனத்தை ஒருமுகப்படுத்துவது, ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது போன்ற திறன்கள் மூச்சுப் பயிற்சி செய்தவர்களுக்கு முன்னேறின. வயது கூடக் கூட முன்னேற்றமும் கூடுதலாக இருந்தது.

இதில் ஒரு நேர்மையான செய்தி இருக்கிறது. இருபது வயதில் மூளை ஏற்கெனவே நல்ல நிலையில்தான் இருக்கும். அங்கே ஓட்டம் மாயம் செய்துவிடாது. "ஓடினா நீட்ல பாஸ்" என்று யாராவது விற்க வந்தால் நம்ப வேண்டாம். அதே சமயம், உடம்பை அசைத்தால் மூளை மழுங்கும் என்பதற்கு இந்த ஆய்வுகளில் ஆதாரம் இல்லை. படிக்கிற பிள்ளைக்கு விளையாட்டு நேரத்தை வெட்டுவதால் லாபம் இல்லை, நட்டம்தான்.

முகம் பார்த்து மனம் அறிதல்

இரண்டாவது திறனுக்கு வருவோம். எதிரில் நிற்பவருக்குக் கோபமா, பயமா, வருத்தமா என்று முகத்திலும் குரலிலும் நடையிலும் கண்டுகொள்வது. பால் எக்மன் என்ற அமெரிக்க உளவியலாளர் மகிழ்ச்சி, வருத்தம், கோபம், பயம், அருவருப்பு, வியப்பு ஆகிய ஆறும் பல நாட்டு மனிதருக்கும் பொதுவான முகக்குறிகள் என்றார். தொல்காப்பியம் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்கிறது. இந்த ஆறும் அந்த எட்டுக்குள் வந்துவிடும். மெய் என்றால் உடம்பு. மனதில் இருப்பது உடம்பில் தெரிவதுதான் மெய்ப்பாடு.

இந்தத் திறன் உழவருக்கு எதற்கு? வரப்புத் தகராறு, தண்ணீர் முறை, சந்தையில் பேரம், கூலி ஆள்களோடு பேச்சு என்று நம் பிழைப்பே மனிதரைப் படிப்பதில்தான் இருக்கிறது. ரசாயனத்தை விட்டு இயற்கை வழிக்கு மாற நினைக்கிற இளைஞனிடம் அப்பா கத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். அது கோபமாகத் தெரிகிறது. உண்மையில் அது பயமாக இருக்கலாம்: "இந்த வருஷம் மகசூல் போனா கடனை எப்படிக் கட்டுறது?" கோபம் என்று படித்தால் மகனும் கத்துவான், பேச்சு முறியும். பயம் என்று படித்தால், "அரை ஏக்கர்ல மட்டும் பார்க்கலாம்ப்பா" என்ற வார்த்தை வரும். எத்தனையோ பண்ணைகளின் தலையெழுத்து இந்த இடத்தில்தான் முடிவாகிறது.

இதற்கும் உடல் அசைவுக்கும் என்ன தொடர்பு? கனடாவின் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் 2014இல் வெளியான ஆய்வு ஒன்று. இருட்டுத் திரையில் வெறும் புள்ளிகளாலான மனித உருவம் நடக்கும். அது நம்மை நோக்கி வருகிறதா, விலகிப் போகிறதா என்று எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். மனப்பதற்றம் உள்ளவர்கள் அதைத் தம்மை நோக்கி வருவதாகப் பார்ப்பது அதிகம். 10 நிமிடம் நடந்தவர்களும் மெல்ல ஓடியவர்களும், சும்மா நின்றவர்களைவிட அப்படிப் பார்ப்பது குறைந்தது. தசைகளை ஒவ்வொன்றாக இறுக்கித் தளர்த்தும் பயிற்சியும் இதே பலனைத் தந்தது. அதே உருவம்தான், பார்க்கிற மனதில் பதற்றம் இறங்கியதும் காட்சி மாறிவிடுகிறது.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 2017இல் வந்த இன்னொரு ஆய்வில் சிலரை 30 நிமிடம் மெல்ல ஓட வைத்தார்கள். சிலரை உடலை நீட்டி மடக்க மட்டும் சொன்னார்கள். பிறகு எல்லோருக்கும் மனதை உருக்கும் படக்காட்சி ஒன்றைக் காட்டினார்கள். "மனம் கலங்கினால் என்னால் மீள முடியாது" என்று சொன்னவர்களில், ஓடி முடித்தவர்கள் அந்த வருத்தத்திலிருந்து நன்றாகவே மீண்டார்கள்.

இவற்றை வைத்து, ஓடினால் அடுத்தவர் முகத்தைப் படிக்கும் திறமை நேராகக் கூடிவிடும் என்று சொல்லிவிடக் கூடாது. அதற்கான சான்றுகள் இன்னும் கலவையாகத்தான் இருக்கின்றன. உறுதியாகச் சொல்லக்கூடியது இது: உடல் அசைவு பதற்றத்தைக் குறைக்கிறது, மனக் கலக்கத்திலிருந்து மீள உதவுகிறது. பதற்றம் குறைந்தவர் எதிராளியை எதிரியாகப் பார்ப்பதும் குறைகிறது. கலங்கிய கிணற்றில் அடி தெரியாது, தெளிந்தால் தெரியும்.

சேர்ந்து அசைவதற்கும் தனிப் பலன் உண்டு. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகப் படகு வீரர்கள் 12 பேரைத் தனித்தனியாகவும், ஒரே தாளத்தில் சேர்ந்தும் துடுப்புப் பயிற்சி செய்ய வைத்து 2009இல் முடிவை வெளியிட்டார்கள். உழைப்பு ஒரே அளவுதான். ஆனால் சேர்ந்து செய்த நாளில் வலி தாங்கும் அளவு கூடியிருந்தது. மனிதரை ஒட்ட வைக்கும் எண்டார்ஃபின் சுரப்பு அப்போது கூடியதற்கு அது அடையாளம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். நடவுப் பாட்டும் ஏற்றப் பாட்டும் கும்மியும் எதற்கு இருந்தன என்பது வரிசையில் நின்று நாற்று நட்டவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

வயல் வேலை உடற்பயிற்சி ஆகுமா?

"அப்படின்னா நாங்க தினமும் எட்டு மணி நேரம் உடற்பயிற்சிதானே செய்யிறோம்?" என்று கேட்கத் தோன்றும். இங்கேதான் கவனம் வேண்டும். டென்மார்க் ஆய்வாளர் ஆண்ட்ரியாஸ் ஹோல்டர்மனும் அவரோடு சேர்ந்தவர்களும் ஒரு முரணைச் சுட்டிக்காட்டினார்கள். ஓய்வு நேரத்தில் விரும்பிச் செய்யும் உடல் அசைவு உடல்நலத்தைக் கூட்டுகிறது; பிழைப்புக்காக நாள் முழுக்கச் செய்யும் கடும் உழைப்பு அதே பலனைத் தருவதில்லை, சில சமயம் கெடுதலும் செய்கிறது.

காரணம் புரியாத ஒன்றல்ல. பயிற்சி என்றால் கொஞ்ச நேரம் இதயம் வேகமாகத் துடிக்கும், பிறகு ஓய்வு, பிறகு தூக்கம். வேலையில் குனிந்தது குனிந்தபடி, தூக்கியது தூக்கியபடி. ஓய்வு நம் கையில் இல்லை. டிராக்டர் ஓட்டினால் உடம்பு அதிருமே தவிர மூச்சு வாங்காது. நிலத்துக்கு பைக்கில் போய், மோட்டாரைப் போட்டுவிட்டு, பைக்கில் திரும்பினால் உழவர் என்ற பெயர் மட்டும்தான் மிச்சம்.

வெயில் இன்னொரு காரணம். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஒரு வெப்ப அலையின்போது 44 மாணவர்களை ஆராய்ந்து 2018இல் வெளியிட்டார்கள். குளிர்சாதனம் இல்லாத விடுதி அறைகளில் தூங்கியவர்கள் காலையில் வைத்த தேர்வில், குளிர்ந்த அறையில் தூங்கியவர்களைவிடச் சுமார் 13 விழுக்காடு மெதுவாகப் பதில் சொன்னார்கள். வெப்பத்தில் வெறுமனே தூங்கி எழுந்ததற்கே இந்தக் கதி என்றால், உச்சி வெயிலில் தண்ணீர் குடிக்காமல் களை எடுத்தவருக்கு எப்படி இருக்கும்? அந்த நேரத்தில் எடுக்கிற முடிவும், வருகிற சண்டையும் வெயில் பேசுகிற பேச்சு. விடியலில் இறங்கி, வெயில் ஏறுமுன் கரையேறி, பொழுது சாய மறுபடி இறங்கிய முன்னோர் கணக்கு சரியான கணக்குதான்.

மருந்தடிப்பு உழைப்பு அல்ல

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மோனோகுரோட்டோபாஸ், குளோர்பைரிபாஸ் போன்றவை ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிக்கொல்லிகள். நரம்பிலிருந்து நரம்புக்குச் செய்தி கொண்டு போகும் அசிட்டைல்கோலின் என்ற பொருள் வேலை முடிந்ததும் சிதைய வேண்டும். அதைச் சிதைக்கும் நொதியை இந்த நஞ்சு முடக்கிவிடுகிறது. பூச்சி சாவது இதனால்தான். மனிதருக்கும் அதே நொதிதான், அதே நரம்புதான். வேலை செய்து சூடேறி, வேர்வையில் நனைந்த தோல் இந்த நஞ்சைக் கூடுதலாக உறிஞ்சும். நினைவு, கவனம், மனச்சோர்வு ஆகியவற்றில் வரும் பாதிப்புகளோடு இந்த நஞ்சுக்குத் தொடர்பு இருப்பதைப் பல நாட்டு உழவர் ஆய்வுகள் காட்டியுள்ளன. நடந்து சேர்த்த தெளிவை ஸ்பிரேயர் முதுகில் ஏற்றி அழித்துக்கொள்ளக் கூடாது. நாம் இயற்கை வழியைச் சொல்வது மண்ணுக்காக மட்டுமல்ல, மூளைக்காகவும்தான்.

என்ன செய்யலாம்?

உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்ன அளவு இது: பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடல் அசைவு, 5 முதல் 17 வயதுள்ளவர்களுக்கு நாளுக்குச் சராசரி 60 நிமிடம். மிதமானது என்பதை அறிய எளிய வழி உண்டு. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது.

• படிக்கிற பிள்ளைகள் படிக்க உட்காருமுன் 20 நிமிடம் வேகமாக நடக்கட்டும், சைக்கிள் மிதிக்கட்டும். தேர்வு மாதத்திலும் இதை நிறுத்த வேண்டாம்.

• கபடி, சிலம்பம், ஓட்டம், கூட ஆள் வைத்துக்கொண்டு கிணற்று நீச்சல் என்று எது பிடிக்கிறதோ அது. சேர்ந்து ஆடுவது இன்னும் நல்லது. பெண் பிள்ளைகளுக்கும் இடமும் நேரமும் ஒதுக்குங்கள்; பல ஊர்களில் மைதானம் ஆண் பிள்ளைகளுக்கு மட்டும் என்று ஆகிவிட்டது.

• இளம் உழவர்கள் நாளுக்கு ஒருமுறை நிலத்தை நடந்தே சுற்றி வாருங்கள். பயிரையும் பார்த்த மாதிரி ஆயிற்று, யோசித்த மாதிரியும் ஆயிற்று.

• கடும் உழைப்பு நாளில் கூடுதல் பயிற்சி வேண்டாம். அன்று தேவை நிழல், நீராகாரம், மோர், முழுத் தூக்கம்.

• வீட்டில் பெரிய பேச்சு பேச வேண்டியிருந்தால் உச்சி வெயிலில், பசியில் பேசாதீர்கள். பொழுது சாய்ந்தபின் இருவரும் வரப்பில் ஒரு நடை போய்ப் பேசுங்கள்.

இதைப் படித்துவிட்டுச் சிறு பிள்ளைகளைக் கூலி வேலைக்கு அனுப்பலாம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அது பயிற்சியும் அல்ல, கல்வியும் அல்ல. அதே போல, நெடுநாளாக மனம் சோர்ந்து கிடக்கிற இளைஞனிடம் "எழுந்து நாலு வேலை செய், சரியாயிடும்" என்று சொல்வதும் தவறு. நடை துணை செய்யும்; மருத்துவத்துக்கு மாற்று ஆகாது. 14416 என்ற எண்ணில் அரசின் டெலி மானஸ் மனநல உதவி இலவசமாகக் கிடைக்கிறது. கடன் நெருக்கும் காலத்தில் இந்த எண் எல்லா வீட்டுச் சுவரிலும் இருக்கட்டும்.

கையும் தலையும் சேர்ந்து கற்க வேண்டும் என்பது நமக்குப் புதிதல்ல. 1937இல் வார்தாவில் காந்தியடிகள் முன்வைத்த ஆதாரக் கல்வியின் சாரமே அதுதான். அதற்குத் திட்டம் வகுத்த ஜாகிர் உசேன் குழுவில் தஞ்சையில் பிறந்த ஜே.சி. குமரப்பாவும், யாழ்ப்பாணத் தமிழரான ஆரியநாயகமும் இருந்தார்கள். அந்தக் கல்வி நம் பள்ளிகளில் நிலைக்கவில்லை. ஆனால் பி.டி. பீரியட் இன்னும் கால அட்டவணையில் இருக்கிறது. அடுத்த முறை பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போகும்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "போன மாசம் எங்க புள்ளைங்க எத்தனை பி.டி. பீரியட் மைதானத்துல இருந்தாங்க?" பதில் வரும்வரை உட்கார்ந்திருங்கள்.